பேட்மேன் கதைகளை எழுதிக் குவித்தவர்களைத் தேடிப் படிப்பது எப்படி

பேட்மேனை எழுதியவர்கள் யார் என்று கேட்டால் ஃப்ராங்க் மில்லர், ஆலன் மூர், டென்னிஸ் ஓ'நீல் என்று மூன்று நான்கு பெயர்களோடு பேச்சு முடிந்துவிடும். அவர்கள் எழுதியது நல்ல எழுத்துதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். மில்லரின் ‘இயர் ஒன்’ நான்கே இதழ்கள், பேட்மேன் 404 முதல் 407 வரை. ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் புகழ் பெற்றது டிடெக்டிவ் காமிக்ஸ் 469 முதல் 476 வரையிலான எட்டு இதழ்களுக்காக. (‘பேட்மேன்’, ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ இரண்டுமே பேட்மேன் கதைகள் வரும் தொடர்கள். பின்னதைச் சுருக்கமாக டிடெக்டிவ் என்கிறேன்.) பேட்மேனோ 1939 முதல் இன்றுவரை நிற்காமல் வந்துகொண்டிருக்கிறார். நடுவில் கிடக்கும் நூற்றுக்கணக்கான இதழ்களை மாதாமாதம் கெடு தவறாமல் எழுதித் தந்தவர்கள் வேறு ஆட்கள். ரிட்லர், மேன்-பேட், கில்லர் கிராக், பிளாக் மாஸ்க், வென்ட்ரிலோக்விஸ்ட், பேன் என்ற வில்லன்கள் எல்லாரும் அந்தப் பேனாக்களிலிருந்து வந்தவர்கள். ‘சிறந்த 10 கதைகள்’ பட்டியலை வைத்துக்கொண்டு இவர்களைப் பிடிக்க முடியாது. இவர்களின் பலம் ஒற்றைக் கதையில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. ஆகவே படிக்கும் முறையையே கொஞ்சம் மாற்ற வேண்டும்.

எண்ணுவது எப்படி

ஒரு நோட்டுப் புத்தகமோ எக்செல் தாளோ போதும். இதழின் பெயர், எண், அட்டையில் உள்ள மாதம், கதையின் பக்க எண்ணிக்கை, எழுதியவர், அந்தப் பெயர் எங்கிருந்து கிடைத்தது என ஆறு கட்டங்கள் போடுங்கள். கடைசிக் கட்டம்தான் முக்கியம். ஏன் என்று பிறகு தெரியும்.

இதழ்களை எண்ணாதீர்கள், பக்கங்களை எண்ணுங்கள். 1940இல் வந்த பேட்மேன் முதல் இதழ் 64 பக்கம். அதில் 12, 13 பக்கக் கதைகள் நான்கு. 1980களின் தொடக்கத்தில் டிடெக்டிவ் இதழின் பின்பகுதியில் கிரீன் ஆரோ என்ற இன்னொரு வீரரின் குறுங்கதை ஒன்று ஓடியது, அந்த அளவுக்குப் பேட்மேனின் பக்கம் குறைந்தது. 1990களில் ஓர் இதழ் என்றால் பெரும்பாலும் 22 பக்கமும் ஒரே கதை. மூன்றையும் ‘ஒரு இதழ்’ என்று ஒரே தராசில் வைத்தால் பழைய எழுத்தாளர்களின் உழைப்பு பாதிக்குப் பாதி கணக்கிலிருந்தே போய்விடும்.

1974ஐ ஒட்டிய 100 பக்கப் பேட்மேன், டிடெக்டிவ் இதழ்களிலும் கவனம் தேவை. அவற்றில் முதல் கதைதான் புதிது, மற்றவற்றில் பெரும்பகுதி பழைய கதைகளின் மறுபதிப்பு. அதைப் பிரிக்காமல் எண்ணினால் 1950களில் எழுதியவருக்கு 1974இல் ஒருமுறை, புத்தகத் தொகுப்பில் ஒருமுறை என்று ஒரே கதைக்கு மூன்று மதிப்பெண் விழும்.

அட்டையில் இருக்கும் மாதமும் கடைக்கு வந்த மாதமும் ஒன்றல்ல. அட்டைத் தேதி இரண்டு மூன்று மாதம் முன்னால் ஓடும். எல்லா வரிசைக்கும் அட்டைத் தேதியையே பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் முதலில் வந்தது யார் என்ற கேள்வியில் தடுமாறுவீர்கள்.

பெயர் அச்சாகாத காலம்

1939 மே மாத அட்டையிட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் 27இல் பேட்மேனின் முதல் கதை ஆறே பக்கம். எழுதியவர் பில் ஃபிங்கர். அச்சில் இருந்த பெயர் ஓவியர் பாப் கேன். அன்று தொடங்கி 1960களின் நடுப்பகுதிவரை யார் எழுதினாலும், யார் வரைந்தாலும் கேனின் கையெழுத்துதான் முதல் பக்கத்தில் நின்றது. பதிப்பகத்தோடு அவர் போட்டிருந்த ஒப்பந்தம் அப்படி. ஆகவே 1965க்கு முந்தைய கதையில் ‘பாப் கேன்’ என்று பார்த்தால் அதை எழுத்தாளர் கட்டத்தில் எழுதவே கூடாது. பழைய தொகுப்புகளின் பொருளடக்கத்தையும் அப்படியே நம்பாதீர்கள்.

இதற்குக் கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்தான் கைகொடுக்கும். தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக இதழ் இதழாகப் பிரித்துப் பதிந்த இணையத் தரவுத்தளம், இலவசம். அட்வான்ஸ்டு சர்ச் பக்கத்தில் எழுத்தாளர் பெயரையும் தொடரின் பெயரையும் சேர்த்துக் கொடுத்துத் தேடுங்கள். முடிவில் ஒரு பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி இருந்தால் அது ஊகம். நடையை வைத்தோ பிறர் நினைவை வைத்தோ சொன்னது. கேள்விக்குறி இல்லாவிட்டாலும் கீழே உள்ள குறிப்பைப் படியுங்கள், சில இடங்களில் ஆதாரம் எங்கிருந்து வந்தது என்று போட்டிருப்பார்கள். உங்கள் ஆறாவது கட்டத்தில் ‘அச்சில் உள்ளது’, ‘பதிப்பகப் பதிவு’, ‘ஊகம்’ என்று மூன்றில் ஒன்றைக் குறித்தால் போதும்.

பெயர் வேறுபாடுகளும் ஆளை ஏமாற்றும். டேவிட் வி. ரீட் சில இடங்களில் டேவிட் வெர்ன் என்றிருப்பார். ஃப்ரான்ஸ் ஹெரன், எட் ஹெரன் என்றும் வருவார். 1958இல் பேட்மேன் 113இல் ‘ஸுர்-என்-ஆர்’ கிரகத்துப் பேட்மேனை எழுதியவர் அவர்தான். ஒரே பெயரில் தேடிவிட்டு ‘இவ்வளவுதான் எழுதியிருக்கிறார்’ என்று முடிவு கட்டினால் பாதி விட்டுப்போகும்.

இப்படித் தேடி எடுத்தால் ஃபிங்கரின் பட்டியல் மலைக்க வைக்கும். பெற்றோர் கொலையைச் சொல்லும் இரண்டு பக்கத் தோற்றக்கதை டிடெக்டிவ் 33இல் வந்தது, 1939. ஜோக்கரும் கேட்வுமனும் பேட்மேன் முதல் இதழில். பெங்குவின் டிடெக்டிவ் 58இல், டூ-ஃபேஸ் 66இல், ரிட்லர் 140இல். 1963இல்கூட ‘ராபின் டைஸ் அட் டான்’ என்ற அருமையான கதையைப் பேட்மேன் 156இல் தந்திருக்கிறார். கதைக்கு உதவும் துணுக்குகளையும் அரிய தகவல்களையும் நோட்டில் ஒட்டிச் சேர்த்து வைத்துக்கொண்டு எழுதியவர். ராட்சச டைப்ரைட்டர் மீது சண்டை, ராட்சச நாணயம் பக்கத்தில் சண்டை என்று அன்றைய கதைகளுக்கு ஒரு தனி அழகு வந்ததில் அவர் பங்கு பெரிது. 1974இல் இறந்தார். ‘பில் ஃபிங்கருடன் பாப் கேன் உருவாக்கியது’ என்று அதிகாரபூர்வமாகப் பெயர் சேர்க்க ஒப்புக்கொண்டது 2015இல். இடையில் 41 ஆண்டுகள். பெயர் கட்டத்தைச் சரியாக நிரப்புங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

ஃபிங்கரைத் தொடங்க ‘பேட்மேன்: த கோல்டன் ஏஜ்’ மெல்லட்டைத் தொகுப்பின் முதல் பகுதி போதும். ஒரே மூச்சில் படிக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு கதை. அதற்கு மேல் போனால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அவை மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று படிக்கப்பட எழுதியவை. முதல் ஆண்டுக் கதைகளில் கார்ட்னர் ஃபாக்ஸும் கலந்திருப்பார். இடுப்புப் பட்டையின் கருவிகள் டிடெக்டிவ் 29இல் வந்தது அவர் கையில்தான், பேட்டரேங் என்ற எறிகருவி 31இல். ஃபாக்ஸின் கதையில் விமானமும் வாயுக்குண்டும் வெளிநாட்டு மாளிகையும் வரும். ஃபிங்கரின் கதையில் நகரமும் அதன் சந்துகளும் வரும். நாலு கதை படித்தாலே பெயர் பார்க்காமல் பிரித்துவிடலாம்.

வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் எண்ணில். பேட்மேன் தொடர் 1940 முதல் 713 இதழ் ஓடி, 2011இல் மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கியது. 2016இல் இன்னொரு ஒன்று. ஆகவே ‘பேட்மேன் 20’ என்று தேடினால் வெவ்வேறு காலத்து இதழ்கள் கையில் விழும். எண்ணோடு ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். டிடெக்டிவ் 2016இல் பழைய கணக்குக்கே திரும்பி 934இலிருந்து போனதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது இதைவிட மோசம், ஆழமாக அடிபடும் இடமும் இதுதான். பழைய கதைகளின் தொகுப்புகள் பல ஓவியர் பெயரில் வந்திருக்கின்றன: டான் நியூட்டன், ஜீன் கோலன், ஜிம் அபாரோ என்று. ஓவியத்துக்காக வாங்குபவருக்கு அது சரி. ஆனால் ஜெர்ரி கான்வேயும் பின்னர் டக் மென்ச்சும் எழுதிய 1980களின் கதைகள் பேட்மேன் இதழில் தொடங்கி, அதே மாதத்து டிடெக்டிவ் இதழில் தொடர்ந்து, அடுத்த மாதப் பேட்மேனுக்கு மீண்டும் தாவும். ஒரு தலைப்பை ஒருவர் வரைவார், இன்னொன்றை வேறொருவர் வரைவார். ஓவியர் தொகுப்பை மட்டும் வாங்கினால் ஒன்றுவிட்டு ஒரு அத்தியாயம் கிடைக்கும். ‘கதை தொடர்பே இல்லாமல் இருக்கிறது, எழுத்தாளர் சரியில்லை’ என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். பழி எழுத்தாளர் மேல் விழுகிறது, தப்பு பைண்டிங்கில் இருக்கிறது. மென்ச்சைப் படிக்க வேண்டுமென்றால் பேட்மேன் 360, டிடெக்டிவ் 527, பேட்மேன் 361, டிடெக்டிவ் 528 என்று கோத்துப் படியுங்கள். எண்களுக்கிடையே எப்போதும் 167 வித்தியாசம் என்று நினைவில் கொண்டால் அடுத்ததைத் தேட வேண்டியதே இல்லை. 400 வரை இந்தக் கணக்கு உதவும்.

பேட்மேனின் துணையாளாக வரும் இரண்டாம் ராபின், ஜேசன் டாட் பெயரைக் கேட்டதும் முன்கோபக்காரப் பையனை எதிர்பார்க்காதீர்கள். கான்வே 1983இல் பேட்மேன் 357இல் கொண்டுவந்த ஜேசன் ஒரு சர்க்கஸ் குடும்பத்துப் பிள்ளை. கார் டயர் திருடும் ஜேசன் 1987இல் பேட்மேன் 408இல் வந்த வேறு ஆள். பெயர் ஒன்று, பாத்திரம் இரண்டு.

யாரை எங்கிருந்து தொடங்குவது

முதலில் ஃப்ராங்க் ராபின்ஸ். ‘பேட்மேனை மீண்டும் இருட்டுக்குக் கொண்டுபோனவர்கள் ஓ'நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும்’ என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அவர்களின் முதல் கூட்டுக் கதை டிடெக்டிவ் 395, ஜனவரி 1970. அதற்கு ஒரு மாதம் முன்னால், டிசம்பர் 1969இல், பேட்மேன் 217 வந்துவிட்டது. எழுதியவர் ராபின்ஸ், வரைந்தவர் இர்வ் நோவிக். அந்த இதழை எடுத்து முதல் சில பக்கங்களை மட்டும் நிதானமாகப் பாருங்கள். முதல் ராபினான டிக் கிரேசன் கல்லூரிக்குக் கிளம்புகிறான். வீடு வெறிச்சென்று ஆகிறது. பேட்மேனான புரூஸ் வேய்ன் பணியாளர் ஆல்ஃப்ரெடிடம், நாம் காலத்துக்கு ஒவ்வாதவர்களாக ஆகிக்கொண்டிருக்கிறோம் என்கிறார். மாளிகையையும் குகையையும் பூட்டிவிட்டு இருவரும் நகர நடுவில் வேய்ன் அறக்கட்டளைக் கட்டடத்தின் உச்சிக்குக் குடிபோகிறார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ ஒரு திட்டமும் தொடங்குகிறார்கள். சண்டையோ வில்லனோ இல்லாமல், ஒரு பையன் வீட்டைவிட்டுப் போவதை வைத்தே முப்பது ஆண்டுப் பழக்கத்தை ராபின்ஸ் மாற்றிவிட்டார். அடுத்துப் பேட்மேன் 222ஐப் படியுங்கள். புகழ்பெற்ற இசைக்குழுவில் ஒருவர் செத்துப்போய்விட்டார், இப்போது பாடுவது போலி என்று அந்நாளில் ஓடிய வதந்தியை எடுத்துத் துப்பறியும் கதை ஆக்கியிருப்பார். முடிவு அந்த வதந்தியையே தலைகீழாகப் புரட்டுகிறது. பிறகு டிடெக்டிவ் 400, மேன்-பேட். ஆடம்ஸின் ஓவியத்துக்காகவே எல்லாரும் பேசும் இதழ் அது, கதை ராபின்ஸுடையது. டிடெக்டிவ் 416இல் மேன்-பேட்டை அவரே வரைந்தும் இருக்கிறார். கறுப்பு மையை அள்ளிப் பூசும் தூரிகை. முதல் பார்வையில் கரடுமுரடாகத் தெரியும், இரண்டாம் முறை பாருங்கள்.

பாப் ஹேனியைப் படிக்க ஒரே நிபந்தனை: மற்ற இதழ்களில் நடந்ததை மறந்துவிட்டு உட்கார வேண்டும். பேட்மேன் இன்னொரு வீரரோடு சேரும் ‘த பிரேவ் அண்ட் த போல்ட்’ தொடரை 1967இல் 74ஆம் இதழிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் அவரே எழுதினார். இரண்டாம் உலகப்போரில் பேட்மேன் போர்க்கதை வீரர் சார்ஜன்ட் ராக்கோடு இருப்பார், பிறகு எழுபதுகளிலும் இளமையாக இருப்பார். வயதுக் கணக்கெல்லாம் ஹேனி பார்ப்பதில்லை. ஒவ்வோர் இதழும் ஒரு முழுப் படம்போல ஓட வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. 124ஆம் இதழைக் கட்டாயம் தேடுங்கள். கதையின் நடுவில் ஓவியர் ஜிம் அபாரோவே பாத்திரமாக வந்து பக்கத்தை வரைந்துகொண்டிருப்பார். பேட்மேன் தோற்கும்படி வரையச் சொல்லிப் பயங்கரவாதிகள் அவரை மிரட்டுவார்கள். ஹேனியும் ஆசிரியர் மர்ரி போல்டினாஃபும்கூட அதில் உண்டு. 1976இல் வெகுஜன மாத இதழில் இப்படி எழுதத் துணிவு வேண்டும். ‘ஷோகேஸ் பிரசன்ட்ஸ்’ கறுப்பு வெள்ளைத் தொகுப்பு பழைய புத்தகமாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். அபாரோவின் மைக்கோடு வண்ணமில்லாமல் இன்னும் துலக்கமாகத் தெரியும்.

டேவிட் வி. ரீட் இரண்டு காலங்களில் எழுதியவர். 1950இல் டெட்ஷாட் என்ற வில்லனைத் தந்த பேட்மேன் 59 அவருடையது. பிறகு 1970களின் நடுவில் திரும்பி வந்தார். பேட்மேன் 291 முதல் 294 வரை நான்கு இதழ்கள் போதும்: பேட்மேனைக் கொன்றது யார் என்று வில்லன்களே நீதிமன்றம் வைத்து விசாரிக்கிறார்கள், இதழுக்கு ஒருவர் வாக்குமூலம் தருகிறார்.

கான்வேக்கு 1981 முதல் 1983 வரை. கில்லர் கிராக்கின் வரவும் ஜேசனின் பெற்றோர் முடிவும் ஒரே சரடில் ஓடி டிடெக்டிவ் 526இல் முடியும். அங்கிருந்து மேலே சொன்ன மென்ச் வரிசைக்கு நேராகப் போய்விடலாம். நகர மேயர் ஹாமில்டன் ஹில், போலீஸ் கமிஷனர் கோர்டனைக் கவிழ்க்க அவர் அனுப்பும் ஹார்வி புல்லக், ஜேசனைத் தத்தெடுக்கத் துடிக்கும் நாக்டர்னா என்று மென்ச் ஒரு நெடுந்தொடர்போலப் பின்னியிருப்பார். பிளாக் மாஸ்க் 1985இல் பேட்மேன் 386இல். அவரிடம் குறை ஒன்று உண்டு: ஓவியம் காட்டுவதையே சதுரக் கட்டத்துக்குள் மறுபடி கவிதையாகச் சொல்வார். அந்த வரிகளை முதல் வாசிப்பில் தாண்டிப் போனாலும் கதை பிடிபடும். இரண்டாம் முறை சேர்த்துப் படியுங்கள்.

ஆலன் கிராண்டுக்கு டிடெக்டிவ் 583, பிப்ரவரி 1988. பிரிட்டிஷ் காமிக்ஸான ஜட்ஜ் டிரெட் எழுதிப் பழகிய கிராண்டும் ஜான் வாக்னரும் சேர்ந்து தொடங்கினார்கள். வாக்னர் சில இதழ்களிலேயே விலகிவிட்டார், பெயர் மட்டும் கொஞ்ச காலம் தொடர்ந்து அச்சானது. உங்கள் ஆறாவது கட்டத்தில் இதைக் குறித்துவையுங்கள். முதல் இதழிலேயே வென்ட்ரிலோக்விஸ்ட். கூச்ச சுபாவமுள்ள ஒரு கிழவர், மடியில் ஸ்கார்ஃபேஸ் என்ற மரப்பொம்மை. பொம்மைதான் கூட்டத்தலைவன். உதடு அசையாமல் பேசும் வித்தைக்காரருக்கு ‘ப’ ஓசை வராது, அதனால் பொம்மை பேசும் இடமெல்லாம் ‘ப’ விழும் இடத்தில் ‘க’ விழும். எதிரியை அது ‘கேட்மேன்’ என்றே அழைக்கும். பகரம் இதழ் இயைந்து பிறப்பது என்று இலக்கணத்தில் படித்த நமக்கு இது உடனே பிடிபடும். ஒரே எழுத்தை மாற்றி, பேசுவது யார் என்று வாசகர் ஒரு கணம்கூட மறக்காமல் செய்துவிட்டார்கள். அடுத்து டிடெக்டிவ் 608, 609இல் அனார்க்கி. பிறகு 1992இல் ‘ஷேடோ ஆஃப் த பேட்’ என்ற இன்னொரு பேட்மேன் தொடரின் முதல் நான்கு இதழ்கள். நார்ம் பிரேஃபோகிளின் ஓவியத்தோடு வரும் எதையும் விடவேண்டாம்.

சக் டிக்ஸன் எண்ணிக்கையில் எல்லாரையும் மிரட்டுவார். பேட்மேனின் கூட்டாளிகளை வைத்து வந்த தொடர்களில் ராபினின் முதல் 100 இதழ்கள், நைட்விங்கின் முதல் 70, பேர்ட்ஸ் ஆஃப் ப்ரேயின் முதல் 46, அவற்றோடு 1992 முதல் 1990களின் இறுதிவரை டிடெக்டிவ். ஒரே மாதத்தில் பல தலைப்புகள். சொற்கள் குறைவு, அடி உதை துரத்தல் தெளிவு. ராபினின் முதல் 12 இதழோ நைட்விங்கின் முதல் எட்டு இதழோ எடுங்கள். தனி இதழாகப் படித்தால் லேசாகத் தெரியும். அவர் எழுத்தை ஆறு இதழாவது சேர்த்து எடைபோட வேண்டும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க

இதுவரை படித்ததைச் சோதிக்க, பேன் பேட்மேனை வீழ்த்தும் ‘நைட்ஃபால்’ தொடர்கதை நல்ல உரைகல். 1993இல் வந்தது. பேட்மேன் இதழை மென்ச்சும் டிடெக்டிவ் இதழை டிக்ஸனும் எழுதினார்கள். முதலில், குற்றவாளிகளை அடைத்து வைக்கும் ஆர்க்கம் மனநல விடுதி உடையும் பேட்மேன் 491. பிறகு பேட்மேன் 492, டிடெக்டிவ் 659, பேட்மேன் 493, டிடெக்டிவ் 660 என்று மாற்றி மாற்றிப் போய், பேன் முதுகெலும்பை உடைக்கும் பேட்மேன் 497 வரை. 491ஐச் சேர்த்து 12 இதழ்கள்.

ஒவ்வோர் இதழிலும் பத்தாம் பக்கத்தைத் திறந்து, கட்டத்துக்குள் வரும் விவரிப்பு வரிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்மேனின் சோர்வை மென்ச் வார்த்தையில் சொல்வார். டிக்ஸன் அவரைத் தாமதமாக வரவைப்பார், அடியைத் தவறவிடுவார், மூச்சு வாங்க நிற்கவைப்பார். பன்னிரண்டு இதழ் முடிந்ததும் தலைப்பை மறைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பக்கத்தைப் புரட்டுங்கள். எழுதியவர் பெயர் தானாக நாவுக்கு வரவில்லையென்றால் 494, 495, 661, 662 நான்கையும் இன்னொரு முறை படியுங்கள். அதன் பிறகு கிராண்டின் பங்கான ‘ஷேடோ ஆஃப் த பேட்’ 16 முதல் 18 வரை எடுத்தால் மூன்றாவது கை எங்கே வேறுபடுகிறது என்று தெரியும்.